கூலிவீரனின் சட்டைக்கு என்ன நிறம்?



தமிழில் போரைப் பற்றிப் பேசத் தொடங்குபவன் பூவிலிருந்து தொடங்க வேண்டும். நிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான். கவர்ந்த நிரையை மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். மதிலை வளைத்தவனுக்கு உழிஞை, நேருக்கு நேர் நின்று பொருதவனுக்குத் தும்பை, வென்றவனுக்கு வாகை. நம் இலக்கணகாரர் போரைத் திணை திணையாக வகுத்தபோது ஒவ்வொரு திணைக்கும் ஒரு பூவின் பெயரையே இட்டார்கள். நிற்பவன் யார், எதற்காக நிற்கிறான் என்பதை அவன் தலையிலுள்ள பூவே சொல்லிவிடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட படைக்கு அப்படிப்பட்ட பூ ஏதும் இல்லை. சீருடையும் இல்லை. ஆயிரம் பேர் நின்றால் ஆயிரம் விதமான உடை. ஒருவனுடைய வலக்கால் சிவப்பு, இடக்கால் மஞ்சள். அடுத்தவனுடைய ஒரு கை கோடு போட்டது, மறு கை வெறும் வெள்ளை. மேற்சட்டையை நெடுகக் கீறி, கீறலுக்குள்ளால் வேறு நிறத் துணியைப் பிதுங்க விட்டிருப்பார்கள். தலையிலே அகன்ற தொப்பி, தொப்பியிலே தீக்கோழி இறகு. இவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவைக் கலக்கிய ஜேர்மன் கூலிப்படையினர். லாண்ட்ஸ்க்னெஹ்ட் என்பது அவர்கள் பெயர். மறுமலர்ச்சிக் காலம் என்றால் நமக்கு லியனார்டோவும் மைக்கலாஞ்சலோவும் நினைவுக்கு வருகிறார்கள். அந்த ஓவியர்கள் வாழ்ந்த நகரங்களின் வாசலிலே ஈட்டியோடு நின்றவர்கள் இவர்களே.

இவர்கள் தோன்றிய கதை சுவிற்சர்லாந்தில் தொடங்குகிறது. பேர்கண்டி நாட்டுக் கோமகன் சார்ள்ஸ், ஐரோப்பாவிலேயே செல்வம் மிக்க படையை வைத்திருந்தவர். அந்தப் படையைச் சுவிஸ் மலைநாட்டார் 1476 இல் கிரான்சனிலும் மூர்ட்டனிலும் முறியடித்தார்கள். 1477 ஜனவரியில் நான்சி என்ற இடத்தில் கோமகனே கொல்லப்பட்டார். சுவிஸ்காரர் கையில் இருந்தது ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமான ஈட்டி. தோளோடு தோள் நெருங்கி, சதுரமாக அணிவகுத்து, முரசொலிக்கு அடியெடுத்து வரும் அந்த ஈட்டிக் காட்டுக்குள் குதிரைவீரரின் கவசமும் பரம்பரைப் பெருமையும் செல்லுபடியாகவில்லை.

இறந்த கோமகனின் மகள் மேரியை அதே 1477 இல் மணந்தவர் மக்சிமிலியன். பின்னாளில் பேரரசராகிய இவர், சுவிஸ்காரரிடம் கண்ட வித்தையைத் தம்முடைய ஜேர்மன் குடிகளுக்குக் கற்பிக்க விரும்பினார். அப்படி 1480 களில் உருவானதுதான் லாண்ட்ஸ்க்னெஹ்ட் படை. கைவினைஞர், உழவர் பிள்ளைகள், பங்கு கிடைக்காத இளைய மைந்தர், கடன்பட்டவர் என்று பலரும் சேர்ந்தார்கள். நிலத்தில் இரண்டு கோடரி ஈட்டிகளை நட்டு, அவற்றின் மேல் நெட்டீட்டி ஒன்றைக் குறுக்கே வைத்து ஒரு வாசல் அமைப்பார்கள். சேர வருபவன் அந்த வாசலுக்குள்ளால் நடந்து போக வேண்டும். அவனுடைய பெயரும் சம்பளமும் ஏட்டில் எழுதப்படும். மாதம் நான்கு கில்டர் காசு. முன்வரிசையில் நிற்கத் துணிந்த அனுபவசாலிக்கு எட்டு கில்டர். ஆயுதமும் உடையும் அவனவன் பொறுப்பு. ஏறத்தாழ நானூறு பேர் ஒரு கொடியின் கீழ் நிற்பார்கள். அத்தகைய கொடிகள் பல சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ற்.

உடையை அவனவனே வாங்கியதால்தான் அந்த வர்ணக் கலவை. கொள்ளையடித்த பட்டுத்துணியைக் கிழித்துத் தங்கள் கந்தலுக்கு ஒட்டுப் போட்டதிலிருந்து கீறல் உடை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அக்கால ஐரோப்பாவில் யார் எந்தத் துணி உடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. குடியானவன் பட்டு உடுத்தால் தண்டம். இந்தப் படையினர் அந்தச் சட்டத்தை மதிக்காமல் திரிந்தார்கள். பிரபுக்கள் முறையிட்டபோது, குறுகிய துன்ப வாழ்வு வாழும் இவர்களுக்கு இந்தச் சிறு மகிழ்ச்சியாவது இருக்கட்டும் என்று மக்சிமிலியன் விட்டுவிட்டாராம். கதை எப்படியாயினும், நாளை இறக்கக்கூடியவன் இன்று மயிலாக உடுத்தான் என்பது உண்மை.

மக்சிமிலியனைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். தம் வாழ்க்கையைக் கதையாக்கி ‘வைஸ்குனிக்’ என்ற நூலை அவர் எழுதுவித்தார். அவர் காலத்தில் முற்றுப்பெறாத அந்நூல் 1775 இல்தான் அச்சேறியது. அதற்கென ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர் வரைந்த மரச்செதுக்குப் படம் ஒன்றில், சிறுவன் மக்சிமிலியன் மேசையருகே நிற்கிறான். மேசையின் மேல் குதிரையேறிய இரண்டு பொம்மை வீரர்கள் ஒருவரையொருவர் ஈட்டியால் தாக்குகிறார்கள். பிற்காலத்தில் உயிருள்ள மனிதரை மாதச் சம்பளத்துக்கு அணிவகுக்க வைத்தவரின் குழந்தைப் பருவம் அந்தப் படத்திலே அப்படிக் காட்டப்பட்டிருக்கிறது.

பொம்மைப் போர்வீரர் அரசகுமாரரோடு நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரத்தில் வெள்ளீயத்தை உருக்கித் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். மத்தியதர வீட்டுப் பிள்ளைகளின் மேசைக்கும் படை வந்து சேர்ந்தது. 1824 இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி, வரைபடத்தின் மீது கட்டைகளை நகர்த்தி விளையாடும் போர்ப் பயிற்சி ஒன்றை வெளியிட்டார். அது அதிகாரிகளுக்கான பாடம். 1913 இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிற்றில் வோர்ஸ்’ என்ற சிறு நூலில் பொம்மை வீரர்களைக் கொண்டு நிலத்தில் விளையாடும் விதிகளை எழுதினார். இந்த விளையாட்டைச் சில தடவை ஆடிப் பார்ப்பவனுக்கு உண்மைப் போர் எத்தனை மடத்தனமானது என்பது விளங்கிவிடும் என்ற கருத்தோடு அவர் அந்நூலை முடித்தார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

இன்று இது உலகெங்கும் பலர் ஈடுபடும் பொழுதுபோக்கு. காலிலிருந்து கண்வரை 28 மில்லிமீற்றர் உயரமுள்ள சிற்றுருவங்களை உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் வார்க்கிறார்கள். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. வாங்குபவர் அவற்றுக்குத் தாமே வர்ணம் தீட்டி, மேசையில் அணிவகுத்து, பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கிறார். வர்ணம் தீட்டுவோர் பலருக்கு லாண்ட்ஸ்க்னெஹ்ட் மீது தனி மோகம். சீருடைப் படைக்கு ஒரு நிறத்தைத் தெரிந்துகொண்டால் நூறு உருவங்களை முடித்துவிடலாம். இவர்களுக்கோ ஒவ்வொருவனையும் தனித்தனியே யோசிக்க வேண்டும்.

நான் வாழ்வில் தூரிகை பிடித்தவனல்லன். கரும்பலகையில் வெண்கட்டி பிடித்ததே என் சித்திரம். என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஜேர்மனியில் வாழ்கிறார். கடந்த முறை ஊருக்கு வந்தபோது, வர்ணம் தீட்டாத ஆறு ஈட்டி வீரர்களையும் இரண்டு மெல்லிய தூரிகைகளையும் என் மேசையில் வைத்துவிட்டு, “சேர், ஒன்றையாவது நீங்கள் செய்து பாருங்கோ. ஆனால் கண்டபடி நிறம் போடக்கூடாது. ஆதாரம் வேணும்” என்றார். ஒரு காலத்தில் பொருள்கோளுக்கு ஆதாரம் கேட்டு நான் அவரைப் படுத்திய பாட்டுக்கு அது பதிலடி.

ஆதாரத்தைத் தேடப் புகுந்தபோதுதான் சிக்கல் விளங்கிற்று. இந்தப் படையினரைப் பற்றிய படங்களுக்குக் குறைவில்லை. டியூரர், புர்க்மையர், பேஹாம், எர்ஹார்ட் ஷோன் என்று பெரிய கைகள் வரைந்திருக்கின்றன. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை மரத்திற் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்டவை. எத்தனை கீறல், எத்தனை இறகு, வாளின் கைப்பிடி எப்படி வளைந்தது என்பதெல்லாம் தெரியும். நிறம் மட்டும் தெரியாது. நம்முடைய பழைய புகைப்படங்களில் பாட்டியின் கூறைச் சேலைக்கு நிறம் இல்லாதது போல.

நிறம் சொல்லும் சாட்சிகள் சில உண்டு. மக்சிமிலியனின் வெற்றி ஊர்வலத்தை 1512 க்கும் 1515 க்கும் இடையில் அல்ட்டோர்ஃபரும் அவருடைய பட்டறையினரும் தோல்தாள்களில் வர்ணத்தில் தீட்டினார்கள். அவற்றில் எஞ்சியவை வியன்னாவின் அல்பெர்ட்டினா காட்சியகத்தில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சாட்சி பாவியாப் போரைக் காட்டும் ஏழு சித்திரத் திரைகள். பேர்னார்ட் வான் ஒர்லி என்ற ஓவியர் வரைந்து கொடுக்க, பிரஸல்ஸ் நெசவாளர் கம்பளி நூலாலும் பட்டாலும் பொன்னிழையாலும் நெய்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரம். 1531 இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸுக்குக் காணிக்கையாக வழங்கப்பட்ட இவை, இப்போது நேப்பிள்ஸ் நகரின் கபோடிமொன்ரே காட்சியகத்துக்குச் சொந்தம்.

மூன்றாவது சாட்சி சாயக்காரன். அக்காலத்து நீலம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து வந்தது. சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரிலிருந்து வந்தது. நம்முடைய யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒரு காலத்தில் கிண்டியெடுத்த சாயவேரின் சிவப்புக்கும் அதுவே உறவு. மஞ்சள் வேறொரு செடி. செக்கச் செவேலென்ற அரத்த நிறம் கேர்மிஸ் என்ற சிறு பூச்சியிலிருந்து எடுத்தது. அதனால் விலை அதிகம். நான்கு கில்டர்காரனுடைய சிவப்பு வேர்ச் சிவப்பு. வெயிலிலும் மழையிலும் அது செங்கல் நிறமாக வெளிறிப்போகும். பூச்சிச் சிவப்பு உடுத்தவன் எட்டு கில்டர்காரனாகவோ, யாரோ ஒரு செல்வனின் பெட்டியை உடைத்தவனாகவோ இருந்திருக்க வேண்டும். இவ்வாறு ஒரு நிறத்தைத் தேர்வதே ஒரு வாழ்க்கையைத் தேர்வதாகிவிடுகிறது.

வேலையைத் தொடங்கினேன். முதலில் அச்சில் வார்த்தபோது படிந்த விளிம்பைச் சுரண்ட வேண்டும். பிறகு உருவம் முழுவதற்கும் ஓர் அடிப்பூச்சு. அதன் மேல் அடிப்படை நிறங்கள். அது காய்ந்தபின் நீர்போல் கரைத்த இருண்ட வர்ணத்தைத் தடவினால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். மேடுகளில் மீண்டும் வெளிறிய நிறத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஒரு தொடையில் எட்டுக் கீறல். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் உள்துணியின் நிறம். கீறலின் ஓரத்தில் மயிரிழை அளவு கறுப்பு. ஒரு மாலைப்பொழுது ஒரு காலுக்கே போதவில்லை. கடைசியில்தான் முகம். கடுகளவு கண்ணுக்குப் புள்ளி வைத்ததும் அந்த ஈயத்துண்டு என்னைப் பார்த்தது.

மேசையில் காய்ந்துகொண்டிருந்த அந்த உருவத்தை எங்கள் ஆசிரியை ஒருவர் கண்டார். போர்க்காலத்தில் இரண்டு முறை இடம்பெயர்ந்தவர். “ஏன் சேர், நாங்கள் கண்டது காணாதே? இதையும் அழகாக்கி வைக்க வேணுமே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த உரையைத் தொடர எனக்கு உரிமை இல்லை.

அழகு ஏமாற்றும் என்பது உண்மையே. அந்த இறகுத் தொப்பிக்காரர் செய்தவற்றைச் சொல்கிறேன். 1522 ஏப்ரல் 27 ஆம் திகதி மிலான் நகரருகே பிக்கொக்கா என்ற இடம். பிரான்ஸின் கூலியில் இருந்த சுவிஸ் படைக்குச் சம்பளம் வரவில்லை. காசு தா, அல்லது வீட்டுக்கு விடு, அல்லது இன்றே போருக்கு விடு என்று தளபதியை நெருக்கினார்கள். போருக்கு விட்டார். தாழ்ந்த பாதை ஒன்றுக்கு அப்பால் மண்மேட்டின் மேல் திரித் துவக்குக்காரரும், பின்னால் ஃபிரண்ட்ஸ்பேர்க் என்ற தளபதியின் லாண்ட்ஸ்க்னெஹ்ட் ஈட்டிக்காரரும் நின்றார்கள். சிறிது நேரத்தில் ஏறத்தாழ 3,000 சுவிஸ்காரர் மடிந்தனர். சம்பள நிலுவைக்காக எழுந்த கோபத்தின் விலை அது.

1525 பெப்ரவரி 24, பாவியா. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் அங்கே சிறைப்பட்டார் என்று பாடநூல்கள் சொல்லும். அதே களத்தில் மன்னருக்காக நின்றது ‘கரும்படை’ எனப்பட்ட லாண்ட்ஸ்க்னெஹ்ட் கூட்டம். பேரரசருக்காக நின்றவர்களும் லாண்ட்ஸ்க்னெஹ்ட்டுகள். ஒரே மொழி, ஒரே ஈட்டி, ஒரே கீறல் உடை. எதிரியின் காசை வாங்கிய துரோகிகள் என்று கரும்படையினரைப் பேரரசரின் ஆட்கள் சூழ்ந்து வெட்டினார்கள். அந்தப் படை ஏறக்குறைய முற்றாக அழிந்தது. சித்திரத் திரைகளில் ஒன்று இன்னொரு காட்சியையும் காட்டுகிறது: முகாமிலிருந்து பெண்களும் பணியாட்களும் மூட்டை முடிச்சுகளோடு ஓடுகிறார்கள். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படியென்று நமக்கு எந்த நெசவாளரும் காட்டித்தரத் தேவையில்லை.

1527 மே 6, றோம். மாதக்கணக்கில் சம்பளம் கிடையாத பேரரசரின் படை நகருக்குள் புகுந்தது. மார்ச் மாதத்திலே, கிளர்ச்சி செய்த தம் ஆட்களைச் சமாதானப்படுத்த முயன்ற முதிய ஃபிரண்ட்ஸ்பேர்க் பக்கவாதம் தாக்கி விழுந்திருந்தார். படையை நடத்திய பூர்பொன் கோமகன் மதிலேறும்போதே சூடுபட்டு இறந்தார். அதன்பின் கட்டுப்படுத்த யாருமில்லை. கொலை, கொள்ளை, பெண்களுக்கு இழைத்த கொடுமை என்று மாதக்கணக்கில் நகரம் சீரழிந்தது. பாப்பரசரைக் காத்து நின்ற 189 சுவிஸ் காவலரில் 147 பேர் அன்று இறந்தனர். கூலிக்கு வந்தவன் விட்டு ஓடுவான் என்று மக்கியவல்லி எழுதியிருந்தார். அந்த 147 பேரும் ஓடவில்லை. வத்திக்கானில் ரஃபாயேல் தீட்டிய சுவரோவியத்தின் மேல் படையினர் கீறிய எழுத்துகள் இன்றும் உண்டு. பார்னெசீனா மாளிகைச் சுவரிலே 1528 என்று ஆண்டிட்டு, பாப்பரசரை ஓடவைத்ததை எண்ணிச் சிரிக்கும் கிறுக்கல் ஒன்றும் எஞ்சியிருக்கிறது. மறுமலர்ச்சிக் கலையின் மேலேயே அந்தக் காலத்துப் போர் தன் கையொப்பத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இவற்றைக் கண்ணாற் கண்டு வரைந்தவர்களும் இருந்தார்கள். பாசல் நகரப் பொற்கொல்லர் ஊர்ஸ் கிராஃப் தாமே கூலிவீரராக இத்தாலிக்குச் சென்று வந்தவர். 1521 இல் அவர் வரைந்த போர்க்களப் படத்தில் முன்புறம் முழுவதும் பிணங்கள். மரத்திலே தூக்கிலிட்டவர்கள். அவற்றுக்கிடையே ஒரு வீரன் நின்று குடுவையைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறான். 1524 இல் அவர் வெட்டிய மரச்செதுக்கில், பகட்டான உடையில் இரண்டு கூலிவீரர். அருகே ஒரு பெண். மேலே மரக்கிளையில் எலும்புருவான மரணம் காத்திருக்கிறது. இறகுத் தொப்பியை அவரும் அழகாகத்தான் வரைந்தார். ஆனால் கிளையில் இருப்பதை வரைய மறக்கவில்லை.

ஆசிரியைக்கு நான் சொன்ன பதில் இதுதான். இந்த மேசைப் போர்களில் ஒரு கணக்கு உண்டு. பல விதிநூல்களின்படி ஓர் உருவம் இருபது பேருக்கு ஈடு. நானூறு பேர் கொண்ட கொடிக்கு இருபது உருவம் போதும். படைத்தலைவனின் கணக்கும் அரசனின் கணக்கும் இதே கணக்குத்தான். செய்தியறிக்கையின் கணக்கும் அதுவே. இத்தனை ஆயிரம் வந்தது, இத்தனை ஆயிரம் போயிற்று என்பார்கள். ஒருவனுக்குப் பின்னால் பத்தொன்பது பேர் மறைந்துபோவார்கள். மூன்று மாலைகள் குனிந்திருந்து ஒருவனுடைய முழங்காற் கிழிசலுக்கு நிறம் தேடியவனால் அந்தக் கணக்கை எளிதில் ஏற்க முடியாது. 3,000 என்று படிக்கும்போது அவனுக்கு 3,000 வேறு வேறு சட்டைகள் தெரியும். அந்தச் சட்டைக்காரன் றோமாபுரியில் எந்த வீட்டுக் கதவை உடைத்தான் என்ற கேள்வியும் அவனை விடாது. ஆசிரியை சிறிது நேரம் அந்த உருவத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். “அப்படியென்றால் மூட்டை தூக்கி ஓடினவைக்கும் ஒரு உருவம் செய்விக்கச் சொல்லுங்கோ” என்றார். மாணவருக்கு எழுதினேன். முகாமைப் பின்தொடர்ந்த பெண்களின் உருவங்களும் வார்க்கப்படுகின்றன என்று பதில் வந்தது.

இந்தக் கூலிமுறை நம் கரைக்கும் வந்தது என்பதையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். 1781 இல் சுவிற்சர்லாந்தின் நியூஷாற்றல் பகுதியைச் சேர்ந்த டி மியூரோன் பிரபு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கென ஒரு ரெஜிமென்ற் திரட்டினார். அது இலங்கையிலே காவல் நின்றது. 1795 இல் ஹியூ கிளெக்கோன் என்ற ஸ்கொற்லாந்துப் பேராசிரியர், பிரித்தானியரின் தூதராகப் பிரபுவிடம் சென்று பேரம் பேசினார். ஒல்லாந்தர் கொடுக்காத சம்பள நிலுவையும் அந்தப் பேரத்தில் அடக்கம். ரெஜிமென்ற் கைமாறியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. பிக்கொக்காவில் 3,000 உயிரைக் குடித்த அதே சம்பள நிலுவை, இங்கே நம் தலைவிதி எழுதப்பட்ட கணக்கேட்டிலும் ஒரு வரியாக இருந்தது.

மீதி ஐந்து உருவங்கள் இன்னும் சாம்பல் நிற அடிப்பூச்சோடு என் அலுமாரியில் நிற்கின்றன. வகுப்பில் புறத்திணை நடத்தும் நாட்களில் முடிந்த ஒருவனை எடுத்துக்கொண்டு போகிறேன். வெட்சி முதல் வாகை வரை பூக்களின் பெயரை மனனம் செய்து ஒப்புவித்த பின்னர், பிள்ளைகள் கேட்கிறார்கள்: “சேர், இவர் எந்தப் பூ?” சம்பளம் கொடுப்பவன் எந்தப் பூவைக் கொடுக்கிறானோ அந்தப் பூ என்று சொல்லி, ஈட்டியை வளைத்துவிடாமல் பார்க்கும்படி ஒவ்வொருவர் கையாகக் கொடுக்கிறேன்.